எல்லாக் கூரையிலும் ஒரே கட்டம்

“எத்தன போட்டுக்கு அடிச்சீகண்ணே? ஒன்னா, ரெண்டா?”

“கேட்டவகளுக்கெல்லாம் அடிச்சேன் தங்கச்சி.”

“கேட்டா அடிச்சிருவீகளா? நாளைக்கு ஒருத்தர் வந்து என் மொகத்துல அடிங்கன்னா அடிப்பீகளா?”

“நல்லா வந்திருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு. கோடு எங்கயாச்சும் கோணலா இருக்கா?”

“கோணலா இருந்திருந்தா நான் ஏண்ணே இப்பிடிக் கத்தப் போறேன்?”

வெள்ளிக்கிழமை காலையில் புதுமடம் கடற்கரையில் ஃபஸீலா போட்ட இந்தச் சத்தம் எங்கள் தெரு வரைக்கும் வந்தது. அவ்வளவு தூரம் சத்தம் வந்த பிறகு வீட்டில் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை. நானும் போனேன்.

எதிரே பெயின்ட் டப்பாவோடு நின்றவர் வீரபத்திரன். இந்தப் பக்கத்துப் படகுகளுக்கு நம்பரும் பெயரும் எழுதுகிறவர் அவர்தான். ஃபஸீலா, படகுக்காரர் பாக்கரின் இரண்டாவது மகள். கோயம்புத்தூரில் படித்துவிட்டு அங்கேயே வேலை பார்த்தவள், ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு ஒரு பெட்டி நிறைய வயரோடு ஊருக்கு வந்தாள். கூடவே பிரபு என்று ஒரு பையனும் வந்தான். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க்காட்டுக்காரர்கள் வீட்டுப் பிள்ளை, கூடப் படித்தவன், நல்ல பையன். அவன் உச்சிப்புளியில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பைக்கில் வந்து, பாக்கர் வீட்டு மாடியில் ஃபஸீலாவோடு சேர்ந்து ட்ரோன் செய்தான். இரண்டு பேரையும் சேர்த்து எங்கள் தெரு என்னென்ன பேசியது என்பதை நான் இங்கே எழுதவில்லை. பேசியவர்களுக்கே தெரியும்.

ட்ரோன் என்ன பெரிய அதிசயமா, கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு பறக்கிறதே என்றுதான் முதலில் எல்லாரும் கேட்டோம். இது கப்பலில் இறங்குகிற ட்ரோன். கப்பல் ஓர் இடத்தில் நிற்காது. ஏறும், இறங்கும், ஒரு பக்கமாகச் சரியும். தரையில் ஜிபிஎஸ் சொல்கிறபடி போய் இறங்கலாம். கடலில் அதை நம்பி உட்கார்ந்தால், கப்பல் இருக்கிற இடம் ஒன்று, இது இறங்குகிற இடம் ஒன்று என்று ஆகிவிடுமாம். அதனால் இதன் வயிற்றில் ஒரு கேமரா. கூரையில் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் வரைந்திருக்கும். அந்தக் கட்டம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, எந்த மூலை தாழ்கிறது என்று பார்த்துப் பார்த்தே, ட்ரோன் கூரையோடு கூடவே ஏறி இறங்கி, நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். ஃபஸீலா இதை எனக்கு மூன்று தடவை விளக்கினாள். மூன்றாம் தடவை, புரிந்துவிட்டது என்றேன். பாவம், அவளுக்குச் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

இதற்கு முன் இரண்டு ட்ரோன்கள் கடலுக்குள் போய்விட்டன. முதலாவது போனது போனதுதான். இரண்டாவது ஒரு வாரம் கழித்து வலையில் சாளை மீனோடு சேர்ந்து வந்தது. பாக்கரைப் போலவே படகு வைத்திருக்கிற இஃப்திகார் அதைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, “செவுளு செவப்பா இருக்கு, காலையில பிடிச்சது, யாரு கேக்குறீக” என்று ஏலக்கரையில் கூவினார். பாக்கரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். சிரிக்கிற இடத்தில் சிரிக்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்கு அவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு மதியமே பாக்கர் மகளிடம் சொல்லிவிட்டார்.

“மூணாவது ஒன்னு செய்யி, வேணாங்கல. சென்னைக் கப்பல் கம்பெனிக்காரவுக வந்து பாக்குறப்ப அது எறங்குச்சுன்னா இங்கனயே இரு, ஒன் இஷ்டம். எறங்கலையா, சல்மான் ஷார்ஜாவுல ஆபீஸ் வேல பாத்து வச்சிருக்கான். பேசாம பொட்டியக் கட்டு.”

“எறங்கும் வாப்பா.”

“முன்னாடியும் எறங்கத்தானே செஞ்சுச்சு. கடலுக்குள்ள.”

சல்மான் அவளுடைய அண்ணன். ஷார்ஜாவிலிருந்து வாரம் இரண்டு தடவை போன் போட்டு அந்த வேலையின் பெருமைகளைச் சொல்லுவான். ஏசி ரூம், சுழல்கிற நாற்காலி. ஃபஸீலா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருப்பாள். மறுமொழி சொல்லுவது பிரபுதான். “அப்பிடியாண்ணே, சாப்பாடும் அவுகளே குடுப்பாகளா?”

கட்டத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். பழகுவதற்காக மொட்டை மாடியில் ஒரு கட்டம் வரைந்திருந்தார்கள். ஃபஸீலாவின் உம்மா மலிகாவுக்கு அது சுத்தமான, துடைத்து வைத்த இடமாகத் தெரிந்தது. தினமும் அங்கேதான் நெத்திலிக் கருவாடு காயப் போட்டாள். எடுக்கச் சொன்னால் எடுப்பாள், மறுநாள் மறுபடி போடுவாள். ஒரு நாள் ட்ரோன் இறங்கி நெத்திலி பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி வரைக்கும் பறந்தது. கடைசியில், உம்மாவைத் திருத்துவதைவிட மெஷினைத் திருத்துவது சுலபம் என்று ஃபஸீலா முடிவு செய்தாள். கட்டத்தின் மேல் என்ன கிடந்தாலும், ஆளோ பூனையோ கருவாடோ, இறங்காதே, மேலே ஏறிப் போ என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தாள். அதற்கே ஒரு மாசம் ஆனது. கப்பலில் எவன் கருவாடு காயப் போடப் போகிறான் என்று பிரபு இரண்டு நாள் பேசாமல் இருந்தான்.

சரி, பெயின்டுக்கு வருவோம்.

பாக்கர் படகின் கேபின் கூரையில் கட்டம் வரைய ஃபஸீலா தகரத்தில் ஒரு அச்சு வெட்டி வீரபத்திரனிடம் கொடுத்தாள். ஒரு மயிரிழைகூட விலகக் கூடாது என்று சொல்லிவிட்டு, ட்ரோனுக்கு ஏதோ சாமான் வாங்கக் கோயம்புத்தூருக்குப் போனாள். அவள் இல்லாத அந்த வாரத்தில்தான் இஃப்திகார் வேலையைக் காட்டினார். ஐஸ் வண்டிப் பக்கம் நின்றுகொண்டு அவர் சொன்னது இது:

“பாக்கரு சும்மா அடிப்பானா? அந்தக் கட்டம் இருந்தா மேல ஹெலிகாப்டர்ல இருந்து பாக்குற கோஸ்ட்கார்டுக்காரனுக்கு இது இன்னார் போட்டுன்னு தெரியும்ல. நடுக்கடல்ல எஞ்சின் நின்னுபோச்சுன்னா நேரா வந்து தூக்கிருவான். மகளுக்கு ஆபீசரத் தெரியும், தன் போட்டுக்கு மட்டும் அடிச்சுக்கிட்டான். நம்மகிட்ட மூச்சு விட்டானா பாரு.”

போன வருஷம் எஞ்சின் பழுதாகி இரண்டு ராத்திரி கடலில் மிதந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அவர்கள் அன்றைக்குச் சாயங்காலமே வீரபத்திரனைப் பிடித்தார்கள். மற்றவர்கள் மறுநாள் பிடித்தார்கள். வீரபத்திரனிடம் தகர அச்சு இருந்தது, கறுப்பும் வெள்ளையும் மிச்சம் இருந்தது. மனுஷர் மறுக்கவில்லை. கூரை தட்டையாக இருந்த எந்தப் படகையும் அவர் விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ட்ரோனைச் சும்மா ஒரு சுற்று மேலே விட்டுப் படம் எடுத்தபோதுதான் ஃபஸீலாவுக்கு விஷயம் தெரிந்தது. படத்தில் நங்கூரம் போட்டு நின்ற படகுகள் எல்லாம் கட்டத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. ஒன்றுபோல ஒன்று, மயிரிழை விலகாமல்.

“அழிச்சிருவமா?” என்று வீரபத்திரன் கேட்டார்.

“இன்னும் ரெண்டு மணி நேரத்துல கம்பெனிக்காரங்க வந்துருவாங்கண்ணே. எத்தனைய அழிப்பீக?”

பாக்கர் தாடியைச் சொறிந்துகொண்டே குறுக்கே வந்தார். “ஏன் இந்தப் பதறு பதறுற? இன்னைக்கு வெள்ளிக்கெழம. எவனும் தொழிலுக்குப் போகமாட்டான். அதுக பாட்டுக்குக் கரையோரம் கெடக்கும். நம்ம போட்டு மட்டும் தூரத்துல நிக்கும். ஒன் தட்டான் அங்கன பாத்து எறங்கட்டும்.”

தட்டான் என்பது ட்ரோனுக்கு அவர் வைத்த பேர். அவர் சொன்னது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. ஃபஸீலா வெள்ளிக்கிழமையைக் கேட்டு வாங்கியதே அதற்காகத்தான். ஜும்ஆ தொழுகை நாளில் எங்கள் ஆட்கள் வலை வீசமாட்டார்கள், கடல் காலியாக இருக்கும். ஆனால் வேலையில்லாத நாளில் எங்கள் ஊர் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பதை, இங்கேயே பிறந்து வளர்ந்த வாப்பாவும் மகளும் யோசிக்கவில்லை பாருங்கள். அதுதான் எனக்கு இன்றைக்கு வரைக்கும் ஆச்சரியம்.

வேடிக்கை பார்ப்பார்கள். வேறென்ன.

பாக்கர் படகு கிளம்பியது. சைகை காட்டப் பிரபு அதில் ஏறினான். கடலில் கால் வைத்தால் குடல் வாய்க்கு வரும் என்று அவன் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்தப் படகு ஒரு புள்ளியாகத் தெரிகிற தூரம் போனதும், கரையில் நின்ற படகுகள் ஒவ்வொன்றாக நங்கூரத்தை இழுத்தன. பெண்டு பிள்ளைகள் ஏறினார்கள். இஃப்திகாரின் மனைவி காலிதா என்னைக் கூப்பிட்டாள், டப்பாவில் தொதல் அல்வா வைத்திருந்தாள். கரையில் நின்றுகொண்டு யாரோ சொல்லக் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது மேல் என்று நானும் ஏறினேன். காற்று லேசாக எழும்பியிருந்தது. படகுகள் எல்லாம் பாக்கர் படகைச் சுற்றிக் தர்கா கந்தூரிக்கு வந்த மாதிரி வந்து நின்றன.

கரையில் பந்தலுக்குக் கீழே கம்பெனிக்காரர்கள் மூன்று பேர், நடுவில் ஃபஸீலா, அவள் முன்னால் லேப்டாப். கப்பல் கம்பெனிக்கு, துறைமுகத்துக்கு வெளியே நிற்கிற கப்பல்களுக்கு மருந்தும் உதிரிச் சாமானும் அனுப்ப இந்த மாதிரி ஒன்று தேவையாம். அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. பாதி தூரம் போனதும் ஜிபிஎஸ் நிறுத்தப்படும். அதற்கப்புறம் யாரும் மெஷினைத் தொடக்கூடாது. அதுவே பார்த்து, அதுவே இறங்க வேண்டும்.

ட்ரோன் கிளம்பிவிட்டது. அப்புறம்தான் லேப்டாப் திரையில் ஒரு கட்டம் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் நாலு. ஃபஸீலாவின் கை தானாகவே லேப்டாப்பை நோக்கிப் போனதையும், பெரிய ஆபீசர் தொண்டையைச் செருமியதையும், கை திரும்பி மடிக்கு வந்ததையும் மலிகா எனக்குப் பிறகு நடித்தே காட்டினாள்.

எங்கள் படகில் வயர்லெஸ் கரகரத்தது. எல்லாப் படகிலும் கரகரத்தது.

“கடல்ல நிக்கிற எல்லாரும் கேளுங்க. நான் ஃபஸீலா பேசுறேன். உங்க கேபின் கூரைய மூடுங்க. தார்ப்பாய், வல, சேல, எது இருந்தாலும் போட்டு மூடுங்க. சீக்கிரம்.”

மெஷினைத் தொடாமல் வயர்லெஸ்ஸில் பேசலாமா என்று கரையில் ஓர் ஆபீசர் கேட்டாராம். “மெஷினத் தொடக்கூடாதுன்னுதான் சார் சொன்னீங்க. ஊர்க்காரங்கள அதட்டக் கூடாதுன்னு சொல்லலையே” என்றாளாம் இவள். பெரிய ஆபீசர் சிரித்துவிட்டார்.

கடலில் நடந்ததுதான் பார்க்க வேண்டிய காட்சி. ஒரு படகில் வலையைத் தூக்கி எறிந்தார்கள், வலைக்குள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தனும் சேர்ந்து எழுந்தான். ஒரு படகில் பாய், ஒரு படகில் ஜமுக்காளம். தார்ப்பாய் இல்லாத ஒருவர் கைலியை அவிழ்த்து விரித்தார், உள்ளே டவுசர் போட்டிருந்தது ஊர் செய்த புண்ணியம். இன்னொரு கூரையில் அண்ணன் தம்பி மூன்று பேர் வரிசையாகக் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். தலைக்கு மேலே தட்டான் ஙொய்யென்று வட்டமடித்தது. பிள்ளைகள் சந்தோஷத்தில் கத்திய கத்தலில் வயர்லெஸ்ஸே கேட்கவில்லை.

எங்கள் படகில் மட்டும் இஃப்திகார் அசையாமல் நின்றார்.

“என்னங்க, மூடுங்க” என்றாள் காலிதா.

“மூட மாட்டேன். இன்னைக்குத்தான் மேல இருந்து படம் பிடிச்சு நம்ம போட்டப் பதியிற நாளு. மூடுனேன்னா நம்ம போட்டு மட்டும் விட்டுப்போயிரும்.”

“அது அந்தப் புள்ளையோட மெஷினு. நம்மள எங்க பதியிது?”

“பாக்கரு மகளுக்கு நம்ம பதியிறது பிடிக்கல. அதான் மூடச் சொல்றா. ஒனக்கு வெவரம் பத்தாது.”

கடலில் தெரிந்த ஒரே கட்டம் இப்போது எங்களுடையதுதான். தட்டான் எங்களைப் பார்த்துத் திரும்பியது. நேராக வந்தது. எங்கள் தலைக்கு மேலே நின்று, படகு ஏறினால் ஏறி, படகு சாய்ந்தால் சாய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்தது. தொதல் கையில் அப்படியே இருந்தது. கட்டத்தின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது ஆடியது. இவ்வளவு நாள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இந்தப் பெண் இதைத்தான் செய்தாளா என்று அப்போதுதான் பட்டது.

“இஃப்திகார் காக்கா.” வயர்லெஸ்ஸில் ஃபஸீலா கெஞ்சினாள். “எனக்கு இது ஒன்னுதான் காக்கா மிச்சம். உங்க போட்டுல எறங்குச்சுன்னா நான் ஷார்ஜாதான் போகணும்.”

அதைக் கேட்டு மனம் இரங்கினாரா, தலைக்கு மேலே சுழல்கிற இறக்கைகளைப் பார்த்துப் பயந்தாரா, அது அல்லாஹ்வுக்கு வெளிச்சம். இஃப்திகார் விடுவிடென்று கூரைக்கு ஏறினார். துண்டை வீசிக் காக்காயை விரட்டுகிற மாதிரி விரட்டினார். நின்ற இடம் சரியாகக் கட்டத்தின் நடு. தட்டான் இறங்குவதை நிறுத்தியது. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றது. அப்புறம் சடாரென்று மேலே ஏறிப் போய்விட்டது.

“அங்கனயே உக்காருங்க” என்று காலிதா கீழேயிருந்து சொன்னாள். “எந்திரிச்சீகன்னா இன்னைக்கு வீட்ல சோறு கெடையாது.”

உட்கார்ந்தார். சம்மணம் போட்டு.

எல்லாம் மூடியாகிவிட்டது. இனி பாக்கர் படகுதான். தட்டான் ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம் போட்டது. இறங்கக் காணோம்.

“வாப்பா, நம்ம கட்டம் எங்க?”

“மூடிட்டேம்மா” என்றார் பாக்கர், நல்ல பிள்ளையாக. “நீதானே எல்லாரையும் மூடச் சொன்ன.”



“தெறங்க வாப்பா. பேட்டரி முடியப் போகுது.”

பாக்கர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. தார்ப்பாயை நாலு மூலையிலும் கயிறு போட்டு, புயலுக்குக் கட்டுகிற மாதிரி கட்டியிருந்தார். ஈரக் கயிறு இறுகிக் கிடந்தது. ஒரு முடிச்சோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, படகின் விளிம்பில் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்த பிரபு எழுந்தான். முகம் பச்சையாக இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மீன் வெட்டுகிற கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தவழ்ந்தே கூரைக்கு ஏறினான்.

“ஏலே தம்பி, அது புதுக் கயிறு” என்று பாக்கர் கத்தினார்.

பிரபு காதில் வாங்கவில்லை. நாலையும் அறுத்தான். காற்று தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டது. கட்டம் வெயிலில் பளிச்சென்று வந்தது. அதன் மேலேயே படுத்துவிடாமல் உருண்டு கீழே விழுந்தான் பாருங்கள், அந்த நிலைமையிலும் அவனுக்குக் கருவாட்டுப் பாடம் ஞாபகம் இருந்தது.

தட்டான் கண்டுகொண்டது. வந்தது. அந்த நேரம் பார்த்து ஓர் அலை பெரிதாக வந்து படகைத் தூக்கியது. தட்டானும் எழும்பியது. படகு இறங்கியது, அதுவும் இறங்கியது. எங்கள் எல்லாருடைய தலையும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது. பிள்ளைகள்கூடக் கத்தவில்லை. அடுத்த அலைக்கும் இதற்கும் நடுவில் கடல் கொஞ்சம் மட்டமானது. அந்த இடைவெளியில் டக்கென்று உட்கார்ந்தது. கட்டத்தின் நட்டநடுவில்.

பாக்கர் வயர்லெஸ்ஸை எடுத்தார். சொன்னது இவ்வளவுதான்: “ஒக்காந்துருச்சும்மா.”

அதற்கப்புறம் கடலில் எழுந்த ஆரவாரம் கரைக்குக் கேட்டதாம். ஃபஸீலா பந்தலில் மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பெரிய ஆபீசர் அவள் நிமிரும் வரைக்கும் காத்திருந்தார்.

“அந்தப் படகில் ஆள் ஏறினதும் மேலே போயிடுச்சே, அது எப்படி?”

“ஆளோ பொருளோ கட்டத்து மேல இருந்தா இறங்காது சார். எங்க உம்மா கருவாடு காயப் போடுவாங்க. அதனால சொல்லிக் கொடுத்தோம்.”

“இத்தனை போலிக் கட்டம் வெச்சு சோதனை பண்ணணும்னு யாருக்குத் தோணுச்சு? எங்க ஆளுங்களுக்கே தோணலையே.”

ஆமாம், நாங்கள்தான் ஏற்பாடு செய்தோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவள் சொல்லவில்லை. “அது ஏற்பாடு இல்ல சார். எங்க ஊரு” என்றாள். எல்லாப் படகிலும் ஒரே கட்டம் இருந்தால் ஏமாந்துபோகும் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது, படகுக்கு ஒரு கட்டமாக மாற்ற வேண்டும் என்றும் அவளே சொன்னாள். அவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். மலிகா அவர்களை விடவில்லை, நெத்திலி பொரித்துச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள்.

தொழுகைக்குப் பாங்கு சொல்லவும் படகுகள் கரைக்கு வரவும் சரியாக இருந்தது. இஃப்திகார் பள்ளிவாசலுக்கு ஓடினார். முந்தின நாள்தான் அடித்த கூரை பெயின்ட் சரியாகக் காயவில்லை போல. அவர் கைலியின் பின்பக்கத்தில் கட்டத்தின் ஒரு மூலை அப்படியே பதிந்திருந்தது. பதியிற நாள் என்று அவர் சொன்னதில் தப்பில்லை.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாக்கர் சொன்ன சொல் மாறவில்லை. ஃபஸீலா ஷார்ஜா போகவில்லை. கம்பெனிக்காரர்கள் உச்சிப்புளி ரோட்டில் ஒரு கொட்டகை பிடித்துக் கொடுத்தார்கள், இப்போது அவளுக்குக் கீழே ஆறேழு பேர் வேலை செய்கிறார்கள். வீரபத்திரன் படகுக்கு ஒரு கட்டம், கப்பலுக்கு ஒரு கட்டம் என்று தினமும் புதுப்புது அச்சு வெட்டி மாளவில்லை. தேவிபட்டினத்தில் கட்டிக்கொடுத்த மகள் பக்கத்தில் போய்க் குடியிருக்கப் போவதாக இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

பிரபு அன்றைக்குக் கரைக்கு வந்ததும் மணலில் மல்லாந்து படுத்து, இனிமேல் உயிரே போனாலும் கடலில் கால் வைக்கமாட்டேன் என்றான். சொன்னபடி செய்தான். ஷார்ஜாவில் சல்மான் பார்த்து வைத்த வேலை சும்மாதானே கிடந்தது, ஏசி ரூம், சுழல்கிற நாற்காலி. அதற்கு அவன் போனான். போவதற்கு முன்னால் அவன் ஊரிலேயே மாலதி என்று ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்தான். ஃபஸீலா போய் மூன்று நாள் முன்னதாகவே தங்கி, பந்தி வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்தாள். எங்கள் தெருவில் சிலருக்கு ஒன்றரை வருஷப் பேச்சு இப்படி வீணாய்ப்போனதில் மனக்கஷ்டம்தான். மாலதியும் இப்போது ஷார்ஜாவில்தான் இருக்கிறாள், சல்மான் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி.

போன ஹஜ் பெருநாளுக்குப் பிறகு ஃபஸீலாவுக்கும் முஸ்அபுக்கும் நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் எஞ்சினியர், வருஷத்தில் எட்டு மாசம் கடலில். மாப்பிள்ளை ஊரில் இருக்கவே மாட்டாரே என்று மலிகா இழுத்தபோது, இருந்தால் மட்டும் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று பாக்கர் கேட்டாராம். முஸ்அப் வேலை செய்கிற கப்பல் தூத்துக்குடிக்கு வெளியே வந்து நிற்கிறபோதெல்லாம் தட்டான் ஒன்று அதற்குப் போகிறது. மருந்து, உதிரிச் சாமான், கூடவே மாமியார் கொடுத்துவிடுகிற நெத்திலிக் கருவாடு. கம்பெனிக்கு இது தெரியுமா என்று கேட்டேன். ஃபஸீலா சிரித்துக்கொண்டே அடுத்த பொட்டலத்தைக் கட்டினாள்.